ஏர் விங்கில் மூன்று வருடம், ஆகாயத்தில் இருபது நிமிடம்

கல்லூரியில் மூன்று வருடம் என்சிசி ஏர் விங்கில் இருந்தேன். அதில் விமானத்தில் பறந்தது மொத்தம் இருபது நிமிடம். மீதி எல்லாம் தரையில்தான்: மைதானத்துப் புழுதி, வகுப்பறை பெஞ்ச், கேம்ப் டார்மிட்டரி, பால்சா மரத்தூள். புதிதாகச் சேரப்போகும் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “எப்போக்கா பறக்க விடுவாங்க?” அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த மீதியைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சேர்பவர்கள் ஜூனியர் டிவிஷன். பெண்கள் என்றால் ஜூனியர் விங். இரண்டு வருடப் பயிற்சி, முடிவில் ‘ஏ’ சான்றிதழ் தேர்வு. கல்லூரியில் சேர்பவர்கள் சீனியர் டிவிஷன், சீனியர் விங். மூன்று வருடம். இரண்டாம் ஆண்டில் ‘பி’ தேர்வு, மூன்றாம் ஆண்டில் ‘சி’. பரேட் வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும், கேம்ப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். என் பள்ளியில் என்சிசியே கிடையாது. அதனால் ‘ஏ’ இல்லாமல் நேராகக் கல்லூரியில்தான் சேர்ந்தேன். அது ஒரு குறையாக இருக்குமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பள்ளியிலேயே பழகி வந்தவர்களுக்கு டிரில் மட்டும் முதல் நாளிலேயே கை வந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த டிரில் எனக்கு வந்த கதை தனி. கட்டளைகள் எல்லாம் இந்தி. சாவ்தான் என்றால் நேராக நில், விஷ்ராம் என்றால் காலை அகட்டி நில் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. தாஹினே, பாயே இரண்டும்தான் ஒரு மாதம் படுத்தின. “தாஹினே முட்” என்று குரல் வந்ததும் வரிசையில் முப்பது பேர் வலப்பக்கம் திரும்ப, நான் மட்டும் இடப்பக்கம் திரும்பிப் பக்கத்தில் இருந்தவளை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிரிப்பை அடக்குவது அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் உடனே “ஹிலோ மத்” என்று அதட்டல் வரும். அசையாதே என்று அர்த்தம். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது, கையில் எழுதிக்கொண்ட எழுத்துதான். வலது உள்ளங்கையில் பேனாவால் ‘தா’. முஷ்டி மூடியிருக்கும், வெளியே தெரியாது. ஆனால் ‘தா’ அங்கே இருக்கிறது என்ற தைரியமே போதுமானதாக இருந்தது. மூன்று வாரத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

சீருடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாதது ஒன்று உண்டு. பெரட் தொப்பி கையில் கிடைக்கும்போது தலையில் தோசையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அதை வெந்நீரில் நனைத்து, பிழிந்து, தலையில் வைத்து, பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே வரும்படி இழுத்து, வலப்பக்கம் படிய அழுத்தி, தலையிலேயே கொஞ்ச நேரம் காயவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் படியும். முதல் பரேடுக்கு முந்தின இரவு விடுதியில் பத்துப் பேர் ஈரத் தொப்பியோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். வார்டன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். ஷூ வாங்கும்போது தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டு போய் அளவு பாருங்கள். நான் போகவில்லை. குதிகாலில் இப்போதும் தழும்பு இருக்கிறது.

துப்பாக்கி 0.22 ரைஃபிள். குப்புறப் படுத்து, 25 மீட்டரில் இருக்கும் இலக்கைச் சுட வேண்டும். எல்லாரும் நடுப்புள்ளியைக் குறிவைத்துக் கவலைப்படுவார்கள். ஆனால் முதலில் பார்ப்பது குரூப்பிங். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்திருந்தால், அது ஓரமாகவே இருந்தாலும், சுட்டவள் சரி என்று பொருள். ஓரமாகப் போனதைத் திருத்திவிடலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால்தான் கோளாறு கையிலும் மூச்சிலும் இருக்கிறது. விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியக் கூடாது. சொல்வது சுலபம்.

பாடங்கள் இரண்டு வகை. ராணுவம், கடற்படை, விமானப்படை என்ற மூன்று விங்குக்கும் பொதுவானவை: என்சிசி வரலாறு, தேசிய ஒருமைப்பாடு, ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு, பேரிடர் மேலாண்மை, சுகாதாரம். நேர்மையாகச் சொன்னால், இவற்றில் பாதியை வகுப்பில் தூங்காமல் கேட்டாலே எழுதிவிடலாம். என்சிசி 1948இல் தொடங்கியது, ஏர் விங் 1950இல் வந்தது, என்சிசி தினம் நவம்பர் நான்காவது ஞாயிறு என்பவை வருடா வருடம் கேட்கப்படும் ரகம். இன்னொரு வகைதான் ஏர் விங்குக்கே உரியது: விமானப்படையைப் பற்றிய பொது அறிவு, பறத்தலின் கோட்பாடுகள், ஏர்மேன்ஷிப் (விமானத் தளத்தின் நடைமுறைகள்), நேவிகேஷன், வானிலை, எஞ்சின், ஏர்ஃபிரேம் (விமானத்தின் உடற்பாகங்கள்), கருவிகள், ஏரோமாடலிங்.

பொது அறிவில் விமானப்படையின் ஏழு கமாண்டுகள், அவற்றின் தலைமையகங்கள், பதவி வரிசை, எந்த விமானம் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே ஒருவர் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் தளம், நேட் விமானம். குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும் ஓடுதளத்தில் இருந்து அவர் கிளம்பிய இடத்தை ஸ்டாஃப் சொல்லும்போது பின் பெஞ்சில்கூட சத்தம் இல்லை.

ஸ்டாஃப் என்று நாங்கள் கூப்பிட்டது பயிற்சி தர வந்திருந்த விமானப்படை சார்ஜன்ட்டை. எங்களுக்கு வந்தவர் தமிழர் என்பது அதிர்ஷ்டம். அவரிடம்தான் நான் படிக்கவே கற்றுக்கொண்டேன்.

நடந்தது இது. பறத்தலின் கோட்பாடுகள் பாடத்தை நான் தேர்வுக்குப் படிப்பது போலவே படித்தேன். நான்கு விசைகள்: தூக்குவிசை, எடை, உந்துவிசை, இழுவிசை. பெர்னூலி தேற்றம். ஸ்டால் என்றால் என்ன, ஐந்து மதிப்பெண். நோட்டில் பச்சை மையில் அடிக்கோடு எல்லாம் போட்டு வைத்திருந்தேன். வகுப்புத் தேர்வில் ஐந்துக்கு ஐந்து. மறுநாள் ஏரோமாடலிங். பால்சா மரத்தில் சக் கிளைடர் செய்ய வேண்டும், கையால் வீசிப் பறக்கவிடும் சின்ன மாடல். பால்சா அவ்வளவு லேசான மரம். நகம் பட்டாலே பள்ளம் விழும். இறக்கையின் முன் விளிம்பை உருட்டி, பின் விளிம்பை மெலிதாக்கி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மாலை ஆகிவிட்டது. ஒட்டிக் காயவைத்து, எல்லாருக்கும் முன்னால் வீசினேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு அழகாக ஏறியது. ஏறி, ஒரு கணம் அப்படியே நின்றது. அப்புறம் தலைகுப்புற விழுந்து மூக்கு உடைந்தது.

“என்ன ஆச்சு?” என்றார் ஸ்டாஃப்.

“விழுந்துடுச்சு ஸ்டாஃப்.”

“விழுந்துடுச்சுன்னு கண்ணு தெரியாதவன்கூட சொல்லுவான். என்ன ஆச்சு?”

நான் முழித்தேன். “நேத்து அஞ்சு மார்க்குக்கு எழுதினியே, அதுதாம்மா இது” என்றார்.

ஸ்டால் என்று நான் எழுதியது ஒரு வாக்கியம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டும்போது, மேற்பரப்பில் ஒட்டி ஓடிய காற்று பிரிந்துபோய்த் தூக்குவிசை சரிகிறது. என் கிளைடர் செய்தது அதைத்தான், என் கண் முன்னால். காரணமும் கையில்தான் இருந்தது: வால் கனம். இறக்கையின் அகலத்தில் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் விரல் நுனியைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தால் மாடல் சமமாக நிற்க வேண்டும். என்னுடையது வால் பக்கம் தொங்கியது. மூக்கில் பொம்மைக் களிமண்ணைப் பட்டாணி அளவு ஒட்டினேன். வீசினால் இப்போது நேராகத் தரையைப் பார்த்துப் பாய்ந்தது. பாதியைக் கிள்ளி எடுத்தேன். இன்னும் கொஞ்சம். ஆறாவதோ ஏழாவதோ தடவை, கிளைடர் மைதானத்தின் பாதி வரை வழுக்கிக்கொண்டே போய்ப் புல்லில் உட்கார்ந்தது. பட்டாணியில் கால்வாசி களிமண் செய்த வேலை அது. ஈர்ப்பு மையம் என்ற சொல்லுக்கு எனக்கு இன்றும் அந்தக் களிமண்தான் அர்த்தம்.

அன்று இரவு நோட்டைத் திரும்பப் புரட்டினேன். பாடங்களைத் தனித்தனியாக வைத்துப் படித்ததுதான் தப்பு என்று தெரிந்தது. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். உயரமானி ‘கருவிகள்’ பாடத்தில் வரும். அது உயரத்தை அளப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றழுத்தத்தை அளந்து உயரமாகக் காட்டுகிறது. தரைக்கு அருகே சுமார் 30 அடி ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். சரி. ‘வானிலை’ பாடத்தில், ஒரே இடத்தில்கூட நாளுக்கு நாள் அழுத்தம் மாறும் என்று வரும். அப்படியானால் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கிய நாளில், முந்தின நாள் அமைப்பிலேயே இருக்கும் உயரமானி 300 அடி தப்பாகக் காட்டும், அதுவும் இருக்கும் உயரத்தைவிட அதிகமாக. இப்போது ‘ஏர்மேன்ஷிப்’ பாடத்துக்கு வாருங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிக்கு முதலில் சொல்லும் தகவல்களில் ஒன்று கியூஎன்எச், அதாவது அன்றைக்கு உயரமானியில் வைக்க வேண்டிய அழுத்தம். மூன்று பாடம், மூன்று வெவ்வேறு வாரம், ஒரே விஷயம். இதை ஒரே பக்கத்தில் படம் போட்டு எழுதி வைத்தேன். ‘பி’ தேர்விலும் ‘சி’ தேர்விலும் அந்தப் பக்கம்தான் எனக்குச் சோறு போட்டது.

ஏர்மேன்ஷிப்பில் ஒரு குழப்பம் எல்லா பேட்சிலும் நடக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் சேர்ந்த நாளிலிருந்து ஏடிசி என்றால் வருடாந்தரப் பயிற்சி முகாம். ‘ஏடிசி போயிட்டியா, ஏடிசி லிஸ்ட்ல பேர் இருக்கா’ என்றுதான் பேச்சு. வகுப்பில் ஸ்டாஃப், “ஏடிசி அனுமதி இல்லாம விமானம் நகரவே கூடாது” என்றதும் என் தோழி எழுந்து, “கேம்ப் இல்லாத மாசம் யார்கிட்ட கேப்பாங்க ஸ்டாஃப்?” என்று கேட்டுவிட்டாள். ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் என்று போர்டில் எழுதிக் காட்டும் வரை எங்களில் பாதிப் பேருக்கு அவள் கேட்டதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை.

ஓடுதள எண்ணும் அப்படித்தான், தெரிந்த பிறகு சின்ன விஷயம். காந்தத் திசையில் கடைசிப் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் எண். கிழக்கு நோக்கி 90 டிகிரி என்றால் 09, அதே தளத்தில் எதிர்ப்பக்கம் 270, அதாவது 27. வானொலிப் பேச்சில் ஏ, பி, சி என்பதற்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி. ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள், ஐந்தோடு குழம்பாமல் இருக்க. விடுதி மெஸ் வரிசையில் தட்டோடு நின்று “டேங்கோ டூ, ரெடி ஃபார் சாம்பார்” என்று கத்திப் பழகினோம். வேடிக்கைதான், ஆனால் அப்படித்தான் மண்டையில் ஏறியது.

கேம்ப் பத்து நாள். அதிகாலை எழுந்து உடற்பயிற்சி, அப்புறம் டிரில், வகுப்பு, துப்பாக்கி, மாலையில் விளையாட்டு, இரவில் கலை நிகழ்ச்சி, நடுவே முறை வைத்துக் காவல். குளியலறை வரிசைக்காகவே நாலு மணிக்கு எழுவோம். எடுத்துப்போக வேண்டியதில் மூன்றை மட்டும் சொல்கிறேன்: பூட்டு, டார்ச், பெயர் பொறித்த தட்டு. என் தட்டில் பெயர் இல்லை, இரண்டாம் நாளே காணாமல் போனது, மீதி எட்டு நாள் டிபன் பாக்ஸ் மூடியில் சாப்பிட்டேன். இன்னொன்று, தைரியமாகச் சொல்ல வேண்டியது: உடம்பு முடியவில்லை என்றால் வரிசையில் நின்று மயங்கி விழும் வரை காத்திருக்காதீர்கள். மாதவிடாய் நாளாக இருந்தாலும் மேடத்திடம் போய்ச் சொல்லலாம். முதல் கேம்ப்பில் நான் சொல்லவில்லை. வெயிலில் விழுந்தேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை.

ஆகாயம் இரண்டாம் ஆண்டில் வந்தது. வைரஸ் எஸ்டபிள்யூ 80 என்ற மைக்ரோலைட், அதாவது மிக லேசான குட்டி விமானம், ஸ்லோவேனியாவின் பிப்பிஸ்ட்ரெல் நிறுவனத் தயாரிப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கை. பெயரில் இருக்கும் 80 எஞ்சினின் குதிரைத்திறன். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சுற்றில் ஏர்ஃபிரேம் பாடம் முழுக்க இருந்தது: இதோ ரட்டர், இதோ எலிவேட்டர், இதோ காற்று வேகத்தை அளப்பதற்கான பிட்டோ குழாய். எறும்பு போனால் அடைத்துக்கொள்ளும் என்று படித்திருந்த குழாய். குனிந்து உள்ளே பார்த்தேன். எறும்பு இல்லை.

மேலே போய்ச் சமநிலையானதும் பயிற்சி விமானி, “யூ ஹேவ் கன்ட்ரோல்ஸ்” என்றார். “ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்” என்று பதில் சொல்லிவிட்டு, நான் செய்த முதல் காரியம் உயரமானியையே வெறித்துப் பார்த்தது. முள் இறங்கியது, கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்தேன். ஏறியது, தள்ளினேன். விமானம் அலை மேல் படகு மாதிரி ஆடிக்கொண்டே போனது. அவர் கையால் கருவிப் பலகையை மறைத்துவிட்டு வெளியே கை காட்டினார். அடிவானம். மூக்குக்கும் அடிவானத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மாற்றாமல் வைத்துக்கொள், அவ்வளவுதான். ஆட்டம் நின்றது. அப்புறம் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். சாய்த்தேன். மூக்கு தானாகக் கீழே இறங்கியது. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையும் சாய்ந்துவிடுகிறது, நேர் மேலே தூக்கும் பங்கு குறைகிறது, அதனால் குச்சியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியது. அந்த அம்புக்குறியை உடம்பால் அன்றுதான் உணர்ந்தேன். பின்னுக்கு இழுத்தேன். மூக்கு நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அது போதும்.

அதனால் பறக்க வாய்ப்பு வருவதற்கு முன்பே கோட்பாடுகள், கருவிகள் இரண்டையும் ஒரு தடவை முடித்துவிடுங்கள். படிக்காமல் ஏறியவர்கள் இறங்கி வந்து சொன்னதெல்லாம் கீழே வீடுகள் தீப்பெட்டி மாதிரி இருந்தன என்பதுதான். அது ஜன்னலோரப் பயணி சொல்வது. இன்னும் அதிகம் பறக்க வேண்டுமென்றால் வாயு சைனிக் கேம்புக்கான தேர்வில் முயன்று பாருங்கள். பறத்தல், ஏரோமாடலிங், துப்பாக்கி சுடுதல் எல்லாவற்றிலும் போட்டி நடக்கும் அகில இந்திய முகாம் அது. நான் மாநிலத் தேர்வுக்கான முகாமோடு திரும்பிவிட்டேன். என் ஓட்டம் போதவில்லை.

கடைசியாகக் காகிதம். இதில்தான் நான் அதிகம் இழந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாக. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு பெரிய வம்பு. சேர்க்கைப் படிவத்தில் இனிஷியலை முன்னால் போட்டேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால். ‘சி’ சான்றிதழ் வந்தபோது இனிஷியலே வேறு எழுத்தாக இருந்தது. ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் செய்த பிழை. திருத்த எழுதிக் கொடுத்தேன். “அடுத்த வாரம் வாம்மா” என்றார்கள். அடுத்த வாரம் நான்கு மாதம் ஆனது. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒரு வழி உண்டு. ஏர் விங் ‘சி’ சான்றிதழ் இருந்தால் ஆஃப்கேட் என்ற விமானப்படை எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக விமானப்படைத் தேர்வு வாரியத்துக்கு அழைப்பு வரும். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். அந்த நான்கு மாதத்தில் ஓர் அறிவிப்பு வந்து போயே போய்விட்டது.

அடுத்த அறிவிப்பில் விண்ணப்பித்து, மைசூரில் இருக்கும் தேர்வு வாரியத்துக்குப் போனேன். முதல் நாள் வடிகட்டலில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நான் தங்கினேன். நேர்காணலில் சான்றிதழின் கிரேடைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஏரோமாடலிங் என்று எழுதியிருந்ததைப் பார்த்து நேர்காணல் அதிகாரி, “நீ செய்த மாடல் ஏதாவது கீழே விழுந்திருக்கிறதா?” என்று கேட்டார். களிமண் கதையைச் சொன்னேன். பட்டாணி எவ்வளவு பெரியது என்று விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். கடைசி நாள் கான்ஃபரன்ஸ் முடிந்து தேர்வானவர்களின் எண்களைச் சொன்னபோது என் எண் வரவில்லை.

பறக்கும் பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 24 வரை. பட்டம் முடிக்கும்போது எனக்கு 22 நடந்துகொண்டிருந்தது, பள்ளியில் ஒரு வருடம் தள்ளிச் சேர்த்திருந்தார்கள். கணக்குப் போட்டால் கையில் இருந்தது மூன்றே அறிவிப்பு. அதில் ஒன்று இனிஷியலுக்குப் போனது, ஒன்று மைசூரில், மூன்றாவதில் அழைப்பு வந்த வாரம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். எனவே முதல் வருடமே ஒரு தாளில் உங்கள் பிறந்த தேதியை எழுதி, 24 எந்த மாதம் முடிகிறது, அதற்குள் எத்தனை அறிவிப்பு வரும் என்று எண்ணிப் பாருங்கள். சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மேஜை மேல் இருக்கட்டும். பெயரை அதில் இருப்பது போலவே, புள்ளி உட்பட, எழுதுங்கள்.